எட்டு டிகிரி இறால்

என்னிடம் யாராவது திருப்பிக் கேள்வி கேட்டால் எனக்குப் பிடிக்காது. அதுவும் கையில் கிரீஸ் அப்பியவன் கேட்டால் சுத்தமாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நல்லவன் வேஷம் கட்ட வேண்டியிருக்காது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குள் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பல் கம்பெனிகள் அனுப்பும் எக்ஸ்எம்எல் ஃபைல்களைப் படித்து, யார்டுக்கு வேண்டிய பட்டியலாக மாற்றித் தர வேண்டும். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்து, கம்ப்யூட்டர் படித்து, ஏசி அறையில் உட்கார்ந்துவிட்ட திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஃபைல்கள் பெரியவை. முழுதாக மெமரியில் ஏற்றினால் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் பைத்தானில், ஃபைலைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே போகும் பார்சர் ஒன்றை எடுத்து, அதன்மேல் என் ஸ்கிரிப்டை எழுதினேன். ஃபைலில் ஒவ்வொரு விவரமும் டேக் என்ற திறப்புக் குறிக்கும் மூடல் குறிக்கும் நடுவே இருக்கும். ஒரு டேக் திறந்தால் பார்சர் என் ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சொல்லும். உள்ளே எழுத்து வந்தால் சொல்லும். டேக் மூடினால் சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்தது. மீன் ஏலம் விடுகிறவர் மாதிரிதான். கூவும்போதே காதில் வாங்கிக்கொள்ள வேண்டும், கூடை கைமாறிய பிறகு கேட்டால் பதில் வராது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. அரை மணி நேர வேலை அரை நிமிஷத்தில் முடிகிறதே என்று மேனேஜர் மெச்சினார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

யார்டில் குளிரூட்டிய பெட்டிகளுக்கென்று தனி இடம் உண்டு. ரீஃபர் என்போம். பெரும்பாலும் உறைய வைத்த இறாலும் கணவாய் மீனும் வரும். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டெக்னீஷியன். கடற்கரைக் குடும்பம், கப்பலில் எலெக்ட்ரீஷியனாகப் பல வருஷம் போய்வந்தவர், இங்கே கான்ட்ராக்ட் ஆள். நான் தரும் பட்டியலில் எந்தப் பெட்டிக்கு என்ன டிகிரி போட்டிருக்கிறதோ அதை வைத்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். பட்டியலை மாற்ற அவருக்கு உரிமை கிடையாது. சந்தேகம் வந்தால் யார்டு கேபினிலிருந்து இன்டர்காமில் ஆபீசைக் கேட்க வேண்டும். அதுதான் எங்கள் விதி.

அன்று அவர் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆபீசில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"சார், இந்தப் பெட்டி மைனஸ் பதினெட்டுல ஓடிக்கிட்டு வந்திருக்கு. லிஸ்ட்டுல எட்டுன்னு கெடக்கு. உள்ள இறாலு. எட்டுல வச்சா நாறிப் போயிரும்லா?"

"லிஸ்ட்டுல என்ன இருக்கோ அத வைங்க."

"ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன் சார்."

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர் படிச்சது நீங்களா நானா? சொன்னதச் செய்யுங்க."

எழுந்து ஃபைலைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மூன்றாம் நாள் பெட்டியின் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. திறந்தபோது அடித்த நாற்றத்தில் காக்கைகள் மட்டும்தான் சந்தோஷப்பட்டன. மறுநாள் காலை விசாரணை என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலமே நான் ஃபைலைத் திறந்தேன். வெப்பநிலை டேக்குக்குள் தெளிவாக மைனஸ் பதினெட்டு இருந்தது. பார்சர் படித்த ஒரு துண்டு, மைனசும் ஒன்றும் வந்த இடத்தில் முடிந்திருக்கிறது. அடுத்த துண்டு எட்டில் தொடங்கியிருக்கிறது. ஆகவே எழுத்து வந்திருக்கிறது என்று பார்சர் என் ஃபங்ஷனை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறது. நானோ இரண்டாவதை முதலாவதோடு ஒட்டாமல், முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இரண்டாவதை வைக்கும்படி எழுதியிருந்தேன். ஒரே டேக்கின் எழுத்து பல தவணையாக வரலாம் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. வாசித்தும் இருக்கிறேன். நான் சோதித்துப் பார்த்தவை சின்ன ஃபைல்கள், ஒரே துண்டில் அடங்கியவை, அதனால் தப்பு தலைகாட்டவில்லை. இரண்டாவது முதலாவதோடு ஒட்டிக்கொள்ளும்படி, சமக்குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டேன். சரியாகிவிட்டது. வெட்கம் வரவில்லை, என் வேலை போய்விடுமே என்ற பயம்தான் வந்தது.

விசாரணையில், கப்பல் கம்பெனி அனுப்பிய ஃபைலிலேயே எட்டு என்றுதான் இருந்தது என்றேன். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. மேனேஜர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இத்தன வருஷ சர்வீஸு, எறால எட்டுல வைக்கக் கூடாதுன்னு தெரியாதா? ஒரு வார்த்த கேக்கதுக்கு என்ன?"

"கேட்டேன் சார். இன்டர்காம்ல இந்த சார்கிட்டதான் கேட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு அப்படி எந்தப் போனும் வரல" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்காக அவர்மேல் எனக்குத்தான் கோபம் வந்தது. அன்றே அவருடைய துறைமுக பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த பாஸ் இல்லாமல் எந்த கேட்டிலும் நுழைய முடியாது. ரீஃபர் வேலை தெரிந்தவனுக்குத் துறைமுகத்துக்கு வெளியே என்ன வேலை இருக்கிறது?

இரண்டு மாதம் கழித்து, துறைமுக கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என்னைத் தேடி வந்தார். பாஸுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, என்ன சொல்லி விரட்டலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

"பாஸு போனது போகட்டும் சார். ஊருல எல்லாரும் 'ஒமக்கு மறதி, நீரு கேட்டிருக்க மாட்டீரு'ங்காவ. வீட்டுலயும் அதயே சொல்லுதாவ. எனக்கே இப்பம் சந்தேகமா இருக்கு. தூக்கம் வர மாட்டேங்கு. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன், மாதா மேல சத்தியம். எனக்காக மட்டும் சொல்லுங்க சார். நான் அன்னைக்கு போன் பண்ணுனேனா, இல்லையா?"

பக்கத்தில் ஆள் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் சத்தியத்தை மீறுகிறவர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"இல்ல அண்ணாச்சி, பண்ணல" என்றேன்.

"அப்பம் எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. அத்தன பேரு முன்னால ஒங்களப் பொய்க்காரன் ஆக்கிட்டேனே சார். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பரவாயில்லை அண்ணாச்சி என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.