செலின் சித்தியின் பந்தயப் பெட்டி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலின் சித்தியைப் பற்றி எதையும் கூட்டி எழுத மாட்டேன். சிரிப்பு வருகிற விஷயம் என்பதற்காக எதையும் விட்டுவிடவும் மாட்டேன். இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர், சித்தி மெயின்லேண்டுக்குப் போய் அந்தப் பெரிய பந்தயத்தை முடித்துத் திரும்பினார் என்று பேசினார்கள். அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் சித்தி முடிக்கவில்லை. டிக்கெட் கவுன்டரில் கேட்டவர்களிடமெல்லாம் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். "அப்படியே இருந்துட்டுப் போட்டும், யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார் அம்மா. சித்திக்குப் பிடித்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது பள்ளியில் மதிய உணவு வேளை. அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அப்பா வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மழை நின்று வெகுநேரமாகியும் குடையை மடக்கவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தி ஒரு வாரமாக எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தார். தேங்கிய மழைத் தண்ணீரில் இறங்கியதால் வந்திருக்கலாம் என்றார்கள். எந்தத் தண்ணீர், எந்த நாள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அதைப் பற்றி நானும் ஒன்றும் எழுதவில்லை.

உங்களில் பலருக்குச் சித்தியைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகமாகத்தான் தெரியும். மாயாபந்தரில் சில வருடங்கள், பிறகு போர்ட் பிளேரில், அந்தமான் தீவுகளுக்குள் ஓடும் படகுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அம்மாவுக்குத் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புரோத்ராபூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள், கடலில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடியும் முடிக்கிற பந்தயம் ஒன்று இருப்பதாகவும் அதில் தான் சேரப்போவதாகவும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். நீச்சல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சைக்கிள் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. எல்லாம் ஒரே நாளில், குறித்த நேரத்துக்குள்.

"மூணையும் ஒரே நாள்ல செஞ்சிட்டு மறுநாள் என்ன செய்வே?" என்று அப்பா கேட்டார்.

"தூங்குவேன் அத்தான்."

நீச்சல் பழகியது கடற்கரையில், முதலை வராமலிருக்கக் கட்டியிருக்கும் வலைக்குள். இந்தப் பக்கத்துக் கயிற்றிலிருந்து அந்தப் பக்கத்துக் கயிறு வரை போய்த் தொட்டுத் திரும்புவார். காவலுக்கு இருந்த லைஃப்கார்டு பாதி நேரம் அவரையும் பாதி நேரம் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "மேடம், மகர்மச் வந்தா உங்க டைமிங் இன்னும் நல்லா வரும்" என்று சிரித்தார். மகர்மச் என்றால் முதலை. சித்தி மூச்சு வாங்கிக்கொண்டே, "அதுக்கும் டிக்கெட் போட்டுக் குடுக்கேன், வரட்டும்" என்றார்.

நீந்துவதும் ஓடுவதும் பெரிய விஷயமில்லை, தின்பதுதான் கஷ்டம் என்பார் சித்தி. நான் முதலில் நம்பவில்லை. பிறகு நூலகத்திலும் போனிலும் தேடிப் படித்தேன். அவ்வளவு நேரம் உடம்பு வேலை செய்யும்போது, முதல்நாள் சாப்பிட்டது பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பும் உப்பும் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். ஆனால் குலுங்குகிற வயிறு எதையும் ஏற்காது. அதனால் காலுக்குப் பழக்கம் கொடுப்பதுபோல வயிற்றுக்கும் கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் பாக்கெட் ஜெல் இங்கே வந்து சேருவதற்குள் பாதி கட்டியாகிவிடுகிறது. அதனால் சித்தியே ஒன்று செய்தார். வறுத்த அவல், வேர்க்கடலை, கருப்பட்டிப் பாகு, எண்ணி யோசித்துப் போட்ட கல்லுப்பு. எலுமிச்சம்பழ அளவில் உருட்டி பட்டர் பேப்பரில் சுற்றினால் ஒரு வாரம் கெடாது. முதல் தடவை உப்பு அதிகம், இரண்டாவது தடவை பல்லில் ஒட்டிக்கொண்டது. நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் எல்லோரும் அதைத் தின்றோம். அம்மாதான் புலம்பினார். "உக்காந்து திங்கச் சொன்னா கால் வயிறு. சைக்கிள்ல ஏறிட்டா வாய் ஓயாம திங்கா."

விடியும் முன் சிப்பிகாட் சாலைக்குப் போவார். விடுமுறையில் நானும் என் சின்ன சைக்கிளில் பாலம் வரை போவேன். சித்தியின் பின்விளக்கு எனக்கு முன்னால் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டே போகும். வானம் வெளுத்ததும், ஹேண்டிலை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் உருண்டையைப் பிரித்து வாயில் போடுவார். அடுத்த நிமிடமே பின்னால் திரும்பிக் கத்துவார். "ஏட்டி, விடிஞ்சிட்டு. லைட்ட அமத்து. பேட்டரி அடுத்த கப்பல்லதான் வரும்." எங்கள் ஊர்க் கடைகளில் இல்லாத எந்தப் பொருளுக்கும் அதே பதில்தானே. சித்தி அதை எல்லாவற்றுக்கும் சொல்வார். எனக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோதும், "அடுத்த கப்பல்ல வரும், விடு" என்றார்.

இனி பெட்டி கட்டிய நாளைப் பற்றி எழுத வேண்டும். சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தவர் பிஸ்வாஸ் தாதா, எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வங்காளி. சங்கிலியைத் துணியில் சுற்றும்போது, "தீதி, நமக்கீன் ஹவா, உப்புக் காத்து, கப்பல்ல துரு பிடிக்கும்" என்று கூடுதலாக எண்ணெய் தடவினார். விமானத்தில் போனால் சைக்கிளை எப்படித் தூக்கிப் போடுவார்களோ என்று பயந்து சித்தி கப்பலில் பங்க் படுக்கை எடுத்திருந்தார். மற்ற சாமான்கள் தகரப் பெட்டிக்குள் போயின. நீச்சல் கண்ணாடி இரண்டு, முதலாவது உடைந்தால் மற்றது. உதிரி ட்யூப், கைப் பம்ப், முடிச்சுப் போடத் தேவையில்லாத ரப்பர் கயிறு கோத்த ஓட்டச் செருப்பு. செருப்பு என்று எழுதிவிட்டேன், ஷூ. சித்தி எல்லாவற்றையும் செருப்பு என்றுதான் சொல்வார். அவல் உருண்டைகள் நசுங்காமல் இருக்க அவற்றை ஹெல்மெட்டுக்குள் அடுக்கி, சுற்றிலும் துணி வைத்தார். கடைசியாக, நாலு மூலைக்கும் பாச்சை உருண்டைகள்.

அதைப் பார்த்தபோது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கப்பலில் போகிற எந்தத் தீவுக்காரரின் பெட்டியில் அது இருக்காது? இல்லாவிட்டால் இறங்குவதற்குள் துணியெல்லாம் பூஞ்சையும் பூச்சியும். எங்கள் அலமாரி, கோவிலுக்குப் போடும் சட்டை, என் பழைய பாடப் புத்தகம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைத்திருக்கும் டப்பா, எல்லாவற்றிலும் அதே நெடிதான். எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே படுவதில்லை. பந்தயத்துக்கு முதல்நாள் லாட்ஜில் பெட்டியைத் திறந்தபோதும் சித்திக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. நம் வீட்டு வாசனை வருகிறதே என்று சந்தோஷப்பட்டாராம்.

பந்தய நாளில் ஓடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் போனில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். நாங்கள் மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். புள்ளி கடலைவிட்டு ஏறியதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். சைக்கிளில் அது நன்றாகத்தான் போனது. பிறகு மெதுவாகியது. ஓட்டத்தில் பாதிகூட ஆகவில்லை, ஓரிடத்தில் நின்றது. "நெட்வொர்க்" என்றார் அப்பா. இங்கே எது நின்றாலும் நெட்வொர்க்தான். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுபோய் உயர்த்திப் பிடித்தார். புள்ளி அங்கேயே இருந்தது. கடைசியில் சித்தியே கூப்பிட்டார்.

"அக்கா, முடியல. மரத்தடியில உக்காந்துட்டேன்."

"என்னட்டி ஆச்சு, கால்ல அடியா?"

"காலெல்லாம் நல்லாத்தான் கெடக்கு. சைக்கிள்ல வச்சு உருண்டைய வாயில போட்டேன், முழு அலமாரியையும் கடிச்ச மாதிரி இருந்துது. பாச்சை உருண்டைக்கா. அம்புட்டும் ஏறிப்போச்சு. துப்பிட்டேன்."

அம்மா அழத் தயாராக இருந்தார். ஆனால் அந்தப் பக்கம் சித்தி சிரிக்கத் தொடங்கிவிட்டார், இங்கே அப்பாவும். வழியில் பந்தயம் நடத்துகிறவர்கள் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்று பார்த்திருக்கிறார். குமட்டிக்கொண்டிருந்த வயிறு அதை வைத்துக்கொள்ளவில்லை. முதலுதவிக் கூடாரத்து டாக்டர், துப்பியது நல்லது, அது விஷம் என்றாராம். சித்தி சைக்கிளை எடுக்கப் போனபோது, தொண்டு வேலைக்கு வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் இவர் முடித்து வந்தவர் என்று நினைத்து மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டாள். சித்தி அதைக் கழற்றி, "இது என்னோடது இல்லம்மா, வேற யாரோ ஓடிட்டு இருக்காங்க" என்று அவள் கையிலேயே வைத்தார். இதைச் சித்தி எங்களிடம் பெருமையாகச் சொல்லவில்லை. மெடல் நல்ல கனம், கழற்றும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது என்றார்.

திரும்பி வந்து கவுன்டரில் உட்கார்ந்த முதல் நாளே, வரிசையில் நின்ற ஒருவர் மெடல் எங்கே என்று உரக்கக் கேட்டார். "அரே மேடம், மெடல் கிதர்?"

"அடுத்த கப்பல்ல வருது. நீங்க ஹேவ்லாக் தீவா, நீல் தீவா?"

அடுத்த வருடத்துக்கான தயாரிப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது. இந்தத் தடவை உருண்டைகளுக்குத் தனி எவர்சில்வர் தூக்கு, பெட்டிக்குள் பாச்சை உருண்டைக்குப் பதிலாகத் துணியில் கட்டிய வறுத்த அரிசியும் கிராம்பும். ஆனால் வாசனை போய்விட்டதா என்பதை யார் சொல்வது? வீட்டில் நாலு மூக்கும் கெட்டுப்போனவை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குத் திருச்சியிலிருந்து காயத்ரி அக்கா குடிவந்தார். அவருடைய கணவர் வங்கி வேலையில் மாற்றலாகி வந்தவர். சித்தி முதல் அறிமுகமாகவே ஹெல்மெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாருங்க."

காயத்ரி அக்கா பயந்து பின்வாங்கினார். "எதுக்குங்க?"

"உங்களுது இன்னும் மெயின்லேண்ட் மூக்கு. எங்களுது போயிட்டு."

அக்கா முகர்ந்தார். "ஐயோ, எங்க பாட்டி பீரோ மாதிரி இருக்குங்க!"

ஹெல்மெட் மறுபடியும் வெயிலுக்குப் போனது. அதன் பிறகு ஷூ, துணி, பை, தூக்கு என்று ஒவ்வொன்றாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வந்தன. தகரப் பெட்டியையே சித்தி மாற்றிவிட்டார். ஒருநாள் அக்கா கவலையோடு, "எனக்கும் போகப் போகத் தெரியாமப் போயிடுமோ?" என்றார். "அதுக்குள்ள நான் முடிச்சிட்டு வந்துருவேன்" என்றார் சித்தி. கப்பல் தேதியைக் கடைசி நேரத்தில்தான் அறிவிப்பார்கள் என்பதால் சாமான்களை எப்போதோ அடுக்கி முடித்துவிட்டார். உருண்டை மட்டும் புறப்படும் முதல்நாள் செய்வதாக இருந்தது.

அதற்குள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தபோது நான் பார்க்கப் போனேன். பேச முடிந்தது. பந்தயத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். சித்திதான் பேசினார். "வயித்துக்கு இவ்வளவு பழக்கம் குடுத்தேன், இப்பக் கஞ்சிகூட நிக்க மாட்டேங்கு. பாத்தியா?" பிறகு, "கருப்பட்டி வாங்கி வை. பழையது கசக்கும்" என்றார். என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். பெரிதாக வேறொன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலையில் அம்மாவும் நானும் அந்தப் பெட்டியைத் திறந்தோம். நாங்கள் கூப்பிடாமலே காயத்ரி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை எடுத்து வெகுநேரம் முகத்தருகே வைத்திருந்தார்.

"ஒண்ணுமே இல்லைங்க," என்றார். "சுத்தமா இருக்கு." பிறகு அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு மூக்குப் போயிடுச்சோ என்னவோ, தெரியலையே."

அம்மா எழுந்து போய் எங்கள் அலமாரியைத் திறந்து ஒரு சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா முகர்ந்ததும் தும்மினார். மூக்கு போகவில்லை. பெட்டி உண்மையாகவே சுத்தமாக இருந்தது. மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

சித்தி பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவை பெட்டியைத் தப்பில்லாமல் கட்டி முடித்திருந்தார். இந்த இரண்டையும் இங்கே எழுதியாகிவிட்டது.

மறுநாள் நான் கருப்பட்டி வாங்கிவந்து உருண்டை பிடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. சனிக்கிழமை விடியும் முன், பிஸ்வாஸ் தாதா எனக்காக இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்த சித்தியின் சைக்கிளில் சிப்பிகாட் சாலைக்குப் போனேன். அப்பா ஸ்கூட்டரில் தூரமாகப் பின்னால் வந்தார். எனக்கு நீண்ட தூரம் ஓட்டத் தெரியாது, பந்தயத்தில் சேருவேன் என்றும் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது இரண்டு: அந்த உருண்டையின் பக்குவம், அதுவும் இன்னும் சரியாக வரவில்லை; பிறகு அந்தச் சைக்கிளின் முன்விளக்கும் பின்விளக்கும். பாலத்துக்கு வந்தபோது வயல்களில் நின்ற தண்ணீர் வெளுத்திருந்தது. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து மறுகையால் உருண்டையைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இறங்கி நின்று தின்றேன். முழுவதும் உள்ளே போனது.

நன்றாக விடிந்துவிட்டது. இரண்டு விளக்குகளையும் அணைத்தேன்.