ஆயம்மாள் கேட்ட சார்ஜ் ஷீட்

நீலகிரியில் பிக்கட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிற ஆயம்மாளுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது. ஆனால் ஒருவர் மேல் குற்றம் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். அவள் மகள் படித்த அரசுக் கல்லூரியின் முதல்வருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வேண்டாமென்று விட்டுவிட்டார். இரண்டில் எது கேவலம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கு அது பட்டுத் தெரிந்த விஷயம். இலை நிறுக்கிற இடத்தில் சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தை சொன்னாள் என்று ஒருமுறை அவள் மேல் புகார். குற்றம் இன்னதென்று எழுதிய சார்ஜ் ஷீட் கைக்கு வந்தது. பதில் சொல்ல ஏழு நாள். என்கொயரியில் யூனியன்காரர் பொன்ராஜ் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சூப்பர்வைசரை எதிரில் வைத்துக் கேள்வி கேட்டதில், அந்த ஆள் அன்றைக்கு லீவில் இருந்ததே வெளியே வந்துவிட்டது. எஸ்டேட் துரைமார் ஒன்றும் தர்மராசாக்கள் இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருந்தது, அவள் தப்பித்தாள்.

அதே வருடம் மருதாயி என்பவள் கோபத்தில் சார்ஜ் ஷீட்டை வாங்க மாட்டேன் என்று விசிறியடித்தாள். அதையே இன்னொரு குற்றமாக்கி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இது ஒரு பாடம். ஆபீஸில் தாள் நீட்டினால் முறைத்துக்கொண்டு நிற்காதே, வாங்கிக் கையெழுத்துப் போடு, பேச வேண்டியதை என்கொயரியில் பேசு. மகள் தேவிக்கும் ஆயம்மாள் இதைச் சொல்லித்தான் வளர்த்தாள்.

தேவி கல்லூரியில் படித்தபோது தேயிலை விலை அதலபாதாளத்துக்கு விழுந்தது. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு மலை முழுக்க மறியல். கல்லூரிப் பிள்ளைகளும் ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்தார்கள். யாரோ எறிந்த கல்லில் அலுவலகக் கண்ணாடி உடைந்தது. வேதியியல் கடைசி வருடம் படித்த தேவியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கல்லைத் தொடவில்லை.

முதல்வருக்குப் பழி போட ஒரு பெயர் வேண்டியிருந்தது. நான்காம் நாள் தேவியைக் கூப்பிட்டார்கள். ஒழுங்கீனத்தில் பங்கேற்றேன், வருந்துகிறேன் என்று முன்பே டைப் அடித்த தாள் மேசையில் தயாராக இருந்தது. தான் எறியவில்லை என்று அவள் சொன்னதற்கு, அதெல்லாம் பிறகு விசாரிப்போம், இப்போது கையெழுத்துப் போடு என்றார்கள். எஸ்டேட் பாடத்தை நம்பிப் போட்டாள். வீட்டில் வந்து சொன்னபோது, சரியாகத்தான் செய்தாய் கண்ணு என்றாள் ஆயம்மாள். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள்.

விசாரணை வரவில்லை. நோட்டீஸ் போர்டில் ஆணைதான் வந்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டதால் நீக்கம். கடைசிப் பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. எழுதிவிட்டால் கோயம்புத்தூர் மருந்துக் கம்பெனி ஒன்றின் லேபில் வேலை, சொல்லி வைத்தாயிற்று. அந்தக் குடும்பத்தில் கூடை தூக்காத முதல் ஆள் அவளாக இருந்திருப்பாள்.

ஆயம்மாள் பொன்ராஜைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். வெளியாள் என்று அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். இவளை உட்காரச் சொல்லக்கூட அந்தப் படித்த முதல்வருக்கு வாய் வரவில்லை.

"ஏனுங்க சார், எம்புள்ள மேல என்ன குத்தம்னு எழுதிக் குடுத்தீங்களா? பாத்தேன்னு சொன்னது யாருங்க? அவங்கள எம்புள்ள ஒரு கேள்வி கேக்க விட்டீங்களா?"

"அவளே எழுதிக் கொடுத்துட்டாளேம்மா, அப்புறம் என்ன விசாரணை? இது எஸ்டேட் இல்ல, காலேஜ்."

"தெரியுதுங்க. எஸ்டேட்டா இருந்தா கேட்டிருப்பாங்க."

பொன்ராஜ் மனு எழுதினார். ஆயம்மாள் வேலை கிடைத்த நாளிலும் லீவு போட்டுவிட்டு, கலெக்டர் ஆபீஸ், பல்கலைக்கழகம் என்று அலைந்தாள். முறைப்படி விசாரிக்கவும் என்று பரீட்சைக்குச் சில நாள் முன்னால் மேலிருந்து ஒருவழியாகக் கடிதம் வந்தது. முதல்வர் பணிந்தார். எப்படிப் பணிந்தார் தெரியுமா? குழு போட்டு, விசாரணைத் தேதியைப் பரீட்சைக்கு அப்புறம் வைத்தார். அதுவரை நீக்கத்துக்குப் பதிலாக இடைநீக்கம். பரீட்சையை எழுத விடுங்கள், முடிவை வேண்டுமானால் நிறுத்தி வையுங்கள் என்று தேவி கெஞ்சியதற்கு, விதியில் இடமில்லை என்றார். அவ்வளவு நாள் எங்கேயோ கிடந்த விதி அன்றைக்கு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து விசாரணை பத்தே நிமிடத்தில் முடிந்தது. காவலாளி நஞ்சப்பன் மட்டும்தான் சாட்சி. கல் எறிந்தது ஒரு பையன், முதுகைத்தான் பார்த்தேன், பெண் பிள்ளை பெயர் எதையும் நான் சொல்லவில்லை என்றார் அவர். அதுவரை அவரிடம் யாரும் கேட்கவே இல்லையாம்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்ற கடிதத்தை முதல்வர் சிரித்தபடி ஆயம்மாளிடம் நீட்டினார். நியாயம் கிடைத்துவிட்டது, திருப்திதானே என்று கேட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எஸ்டேட்டுல குத்தமில்லைன்னு ஆச்சுன்னா, நிறுத்தி வெச்ச நாளுக்கும் சேத்துச் சம்பளம் போட்டுக் குடுப்பாங்க சார். எம்புள்ளையோட வருசத்த எந்த ஆபீசுல போய் வாங்கறதுங்க?"

அடுத்த பரீட்சையில் எழுதச் சொல்லுங்கள் என்றார் அவர். லேப் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, தேவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பிசிறு வெட்டுகிறாள், பரீட்சைக்கெல்லாம் அங்கே லீவு தர மாட்டார்கள் என்று ஆயம்மாள் சொன்னாள்.

முதல்வர் மணியை அடித்து பியூனைக் கூப்பிட்டு, இந்த அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.