மஞ்சள் தொப்பிக்காரருக்கு அரசமரத்தடி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வருடம் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சாமியா, சாமியாரா, செத்துப்போன மனிதரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குப் பொட்டு வைத்தோம், சாம்பிராணி காட்டினோம். எதற்கு என்று கேட்டால் அம்மா, "வாயை மூடிட்டுக் கும்புடுடி" என்பாள். நானும் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

அவரைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். அருணாசலப் பிரதேசத்தில் பனி கொட்டும் ஏதோ ஒரு மலையில் டியூட்டி. எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அவர் திருவண்ணாமலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே என்ன பட்டாளம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொங்கல் லீவுக்கு ஆவடி ஸ்டேஷனில் வந்து இறங்கியவர், டிரங்குப் பெட்டியோடு பாய் மாதிரி சுருட்டித் துணியில் கட்டிய ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த லீவு முழுக்க வீட்டில் அழுகையும் சண்டையும்தான். அம்மா தம்பிக்காக வாணியம்பாடியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். மாமாவோ அந்த மலையூரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். "நம்ம பாஷை தெரியாது, நம்ம சாமி தெரியாது, என்ன சாப்பிடும்னுகூடத் தெரியாது, அதைக் கொண்டாந்து நடுவீட்டுல உட்கார வைக்கணுமா?" என்று அம்மா கேட்டாள். கிளம்பும் நாளன்று மாமா அந்தச் சுருளை அவள் கையில் கொடுத்தார்.

"அக்கா, இது அந்தப் பொண்ணோட அப்பா குடுத்தது. அவங்க குருவோட படம். அவங்ககிட்ட இதைவிட ஒசத்தியா குடுக்க வேற ஒண்ணும் கெடையாது. ஹால்ல மாட்டு. அடுத்த பொங்கலுக்கு நான் வர்றப்போ இது சுவத்துல இருந்தா அவளோட உள்ள வர்றேன். இல்லேன்னா வாசப்படி மிதிக்க மாட்டேன். அவ்ளோதான்."

இதில் என் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. படம் இருந்தால் மாமா வருவார், இல்லாவிட்டால் வர மாட்டார். மாமா வந்தால்தான் நான் அவர் தோளில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்ப்பது, பரோட்டா தின்பது, அம்மாவிடம் வாங்கும் அடியிலிருந்து தப்பிப்பது எல்லாம். மாமா வராத பொங்கலை என்னால் நினைக்கவே முடியவில்லை. போயும் போயும் ஒரு படத்தை நம்பியா மாமா வருவார் என்று குழம்பிக்கொண்டே அதற்குக் காவல் இருக்க ஆரம்பித்தேன்.

பெண்ணை வேண்டாம் என்ற அம்மாவால் படத்தை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சாமி மாதிரி இருந்தது, அதுதான் காரணம். கண்ணாடி கிடையாது, சட்டம் கிடையாது. துணியில் தீட்டி, சுற்றிலும் பட்டு வைத்துத் தைத்து, மேலும் கீழும் கட்டை கோத்திருந்தார்கள். நடுவில் தாமரைமேல் சம்மணம் போட்டு அவர். செங்காவி உடுப்பு, காதுப் பக்கம் நீளமாகத் தொங்கும் கூர்த் தொப்பி. மார்கழிப் பனிக்கு அப்பா குரங்குக் குல்லா போடுவார், இவருக்கும் குளிர் தாங்காது போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தோளுக்குப் பக்கத்தில் ஒரு தாமரை, அதன்மேல் கத்தி. இன்னொரு பக்கம் இன்னொரு தாமரை, அதன்மேல் புத்தகம். கத்தியா புத்தகமா, இரண்டில் எதற்கு இவர் சாமி? கேட்டால் அடி விழும்.

படத்துக்குமேல் மெல்லிய மஞ்சள் பட்டுத் திரை ஒன்று இருந்தது. கோயிலில் திரை போட்டால் உள்ளே அலங்காரம் நடக்கும் அல்லவா? நான் அடிக்கடி திரையைத் தூக்கிப் பார்ப்பேன். அவர் அதே உடுப்பில், அதே பாதிச் சிரிப்போடு இருப்பார். ஒரு நாளாவது வேறு உடுப்பு மாற்றக்கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

"அதுமேல எதையும் பூசிடாதக்கா" என்று மாமா சொல்லித்தான் போயிருந்தார். அம்மாவின் கை கேட்குமா? முதல் வெள்ளிக்கிழமையே நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டன. தலைக்கு மேலே மேகங்களில் வரிசையாகக் குட்டிக் குட்டியாக அவரைப் போலவே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுமாம். பெரியவருக்கு வைத்துவிட்டுச் சின்னவர்களை விட்டால் குற்றமாகிவிடும் என்று, தீக்குச்சி முனையில் குங்குமம் தொட்டு அவர்களுக்கெல்லாம் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. பாதிப் பேருக்கு மூக்கில்தான் வைத்தேன்.

அம்மா ஒரு நாள் பூமாலையும் போட்டாள். போட்ட அன்றே மேனாம்பேட்டிலிருந்து கல்யாணமாகி வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! இன்னாக்கா, மாலையெல்லாம் போட்டுக்கீற? உன் மாமனாரா? எப்போ போனாரு? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அம்மா பதறிப்போய் மாலையைக் கழற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் மறுபடி போட்டாள். சாமியென்றால் மாலை போட வேண்டும், மனிதரென்றால் போட்டால் அவர் செத்தவராகிவிடுவார். அந்த வருடம் முழுக்க அவர் வாரத்துக்கு ஒரு முறை செத்துச் செத்துப் பிழைத்தார்.

அடுத்த பொங்கல் வந்தது. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அப்பா படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தூசு தட்டத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பின்பக்கத் துணியில் சிவப்பாக இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அவற்றுக்கு மேலே எங்கள் யாருக்கும் புரியாத எழுத்தில் நாலைந்து வரி. அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளேயிருந்து அவர்தான் வெளியே வரத் தள்ளியிருக்கிறாரோ?

அப்பாவின் பயம் வேறு. அவருக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட முடியும். "இது சீன எழுத்துடி" என்றார், குரலே எழும்பாமல். "பார்டர்லேர்ந்து வந்த படம். எவனாவது போய்ச் சொன்னான்னா என் வேலையும் காலி, இந்த வீடும் காலி. ஒரு வருஷமா இதுக்குப்போய் சாம்பிராணி வேற காட்டியிருக்கோம்!"

"பேசாம போகில போட்டுக் கொளுத்திடுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. வெளியே டயர் எரிந்துகொண்டிருந்தது.

"சாமிய யாராவது கொளுத்துவாங்களா?" என்று அம்மா சீறினாள்.

"சாமியான்னே தெர்லன்னு நீதானேக்கா சொன்ன?"

கடைசியில் எல்லாரும் செய்வதையே செய்தார்கள். வீட்டில் வைக்கவும் கூடாத, குப்பையில் போடவும் கூடாத சாமிகளுக்கென்று ஓர் இடம் உண்டல்லவா? கண்ணாடி உடைந்த முருகன், தலை போன களிமண் பிள்ளையார், வருடம் முடிந்துபோன காலண்டர் லட்சுமி எல்லாரும் கடைசியில் வந்து சேருவது பிள்ளையார் கோயில் அரசமரத்தடிதான். அப்பா படத்தைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டுபோய், எழுத்து தெரியாதபடி மேல்கட்டையை ஒரு கணுவில் மாட்டி மரத்தோடு சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். அம்மா தடுக்கவில்லை. சுவரில் இருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு வராது" என்றாள். அப்புறம், "அவனும் வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். வேண்டாம் என்றவளே எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுவரில் இல்லாவிட்டாலும் பத்திரமாகவாவது இருந்தால் மாமா வந்துவிடுவார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, பொங்கலன்றும் மறுநாளும் பட்டுப் பாவாடையோடு அரசமரத்தடியில் போய் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வரம் கேட்டு மரத்தைச் சுற்ற வரும் பெண்கள் நின்று நின்று பார்த்தார்கள். "இன்னா சாமிம்மா இது, புச்சா கீது?" என்றாள் கோயில் பூக்காரம்மா. குரு என்றேன். "அப்போ வியாழக்கெழம சாமி" என்று அவளே முடிவு செய்து ஒரு முழம் சாமந்தியைச் சாத்தினாள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஒருத்தி விளக்கு வைத்தாள், ஒருத்தி வாழைப்பழம் வைத்தாள், அவர் முகம் முழுக்கக் குங்குமமாகிவிட்டது.

காணும் பொங்கலன்று மாமா வந்தார். ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பெட்டியோடு அவர் நடந்து வருவதைப் பார்த்து நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவர் பக்கத்தில் ஒரு பெண். ரோஜா நிறக் கன்னம், சின்னக் கண், கழுத்திலிருந்து கால்வரை மூடிய உடுப்பு. அவள் மரத்தடியைப் பார்த்தாள். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய், தலைக்குமேல் கையைக் குவித்து, நெடுஞ்சாண்கிடையாக மண்ணில் விழுந்தாள். எழுந்து மறுபடி விழுந்தாள். மரம் சுற்றிய பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"இதை யாரு இங்க கொண்டாந்து வச்சது?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"அப்பாதான்" என்றேன் பெருமையாக.

மாமாவின் முகம் கறுத்துப்போனது. அந்தப் பெண் எழுந்து மண்டியிட்டபடி சுற்றிலும் பார்த்தாள். கண்ணாடி உடைந்த முருகனைப் பார்த்தாள், தலை இல்லாத பிள்ளையாரைப் பார்த்தாள், மக்கிப்போன காலண்டரைப் பார்த்தாள். இந்தியில் மாமாவிடம் ஏதோ கேட்டாள். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகை முட்டியது. வந்துவிட்ட மாமா எதற்குத் திரும்பிப் போகிறார்?

அவள் போகவில்லை. தன் சட்டைக் கையால் தொப்பிக்காரர் முகத்துக் குங்குமத்தை மெல்ல ஒற்றி எடுத்தாள். படத்தைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து, எந்தப் பக்கம் வீடு என்று தலையை ஆட்டிக் கேட்டாள். பாவம், தாகம் போல என்று நினைத்து அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரம் பின்னால் மாமாவின் பெட்டி இடிபடும் சத்தம் கேட்டது.

வாசலில் அவளையும் அவள் கையிலிருந்த சுருளையும் பார்த்து அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அப்பா உள்ளே போய்ச் சட்டையைத் தேடினார். அவள் படியேறவில்லை. கீழே நின்றபடி இந்தியில் பேசினாள், நிதானமாக, அம்மா முகத்தைப் பார்த்து. பேசி முடித்த பிறகும் மாமா பெட்டியைப் பிடித்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"புத்தருக்கு ஞானம் வந்தது இந்த மரத்தடியிலதானாம். அவங்க ஊர்க் குளிர்ல இந்த மரமே வளராதாம். அவ குருவை அரசமரத்தடியில உட்கார வச்சு, பூப் போட்டு, வெளக்கு வச்சு, ஊரே கும்புடற மாதிரி செஞ்சிருக்கீங்களாம். அவ அப்பாவாலகூட முடியாததை நீ செஞ்சிருக்கியாம். உன் காலத் தொட்டுக் கும்புடணுமாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சட்டை மாட்டிக்கொண்டு வந்த அப்பா, "ஆமாமா, நல்ல எடமாப் பார்த்து நான்தான் வச்சேன்" என்றார். "இல்லப்பா, நீதானே வேலை போயிடும்னு..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா என் வாயில் ஒரு முழு அதிரசத்தைத் திணித்தாள். "நில்லும்மா, அப்படியே வராத" என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஆரத்தி கரைக்க ஓடினாள். மாமா குழாயடியில் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் அவள், இனி எனக்கு அத்தை, படத்தைத் திருப்பி, அந்தச் சிவப்புக் கைகளின்மேல் என் கைகளை வைத்து அழுத்தினாள். அது அவளுடைய ஊர்ப் பெரிய குரு தன் கையாலேயே பதித்த ஆசீர்வாதம் என்று மாமா சொன்னார். அந்த எழுத்து சீன எழுத்து இல்லை, மந்திரம் என்றும் சொன்னார். அப்பா நன்றாக மூச்சு விட்டார்.

மாமா இப்போது திருவேற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். அத்தை பேசும் தமிழைக் கேட்டால் பூக்காரம்மாவே தோற்றுப்போவாள். காணும் பொங்கலுக்கு அங்கே போனால், வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா படத்தைக் காட்டி, "இந்த குருவை அரசமரத்தடியில வச்சுக் கும்புட்டது நாங்கதான்" என்று கதை சொல்லுவாள். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்று இப்போது நம்பவே ஆரம்பித்துவிட்டாள். "ஆமா, அண்ணி" என்று அத்தை தலையாட்டுவாள்.

அந்த வயதில் எனக்கு ஒரு குழப்பம்தான் பாக்கி இருந்தது. தலை போன பிள்ளையாரையும் உடைந்த முருகனையும் இவளும் பார்த்தாளே, அப்புறமும் ஏன் அப்படிச் சொன்னாள்? அவள் ஊரில் உடைந்த சாமிகளுக்கும் அதுதான் மரியாதை போல என்று முடிவு செய்துகொண்டேன். அன்று வாசலில் அம்மா கரைத்த ஆரத்தித் தண்ணீரில் அவள் முகம் தெரிவதை எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் சட்டைக் கையில் குங்குமம் அப்படியே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிடாதபடி அவள் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.