மாமா வெட்டிய ஐந்து நகங்கள்

என் மாமாவை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் அவர் தயவில்தான் இருந்தோம். பிளஸ் டூ முடித்ததும் என்னைச் செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார். தைத்து வரும் பனியன்களைப் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கோவைக்குப் போய் கிளாசிக்கல் கிடார் கற்றுக்கொண்டேன். அதில் நைலான் கம்பிகள். வலது கை நகங்களால் மீட்டினால்தான் நாதம் வரும். அதற்காக அந்தக் கையில் மட்டும் நகம் வளர்த்து, உப்புத்தாளில் தேய்த்து வடிவாக வைத்திருந்தேன். நகம் பட்டால் பனியன் துணியில் இழை இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கும் தெரியும். விரல்களில் டேப் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவேன். என்னால் ஒரு பீஸ்கூடப் பாழானதில்லை.

சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் சேர்வதற்கான தேர்வு வந்தது. இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். மாமாவிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கிடந்த வெட்டுத்துணியில் துடைத்து மாட்டிக்கொண்டார். என் தோளில் கை வைத்தார்.

“கையக் கொஞ்சம் குடுங்க கண்ணு.”

கொடுத்தேன். டேப்பைப் பிரித்தார். சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியை எடுத்து, டேபிளில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, ஒவ்வொரு நகமாக வெட்டினார். சுண்டு விரலுக்குக் கிடாரில் வேலையே இல்லை. அதையும் விடவில்லை.

“துணிதானுங்க நமக்குச் சோறு போடுது. இந்த நகம் போடுதுங்களா?” என்றார். “இப்பப் போயிட்டு வாங்க.”

கையை இழுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா அவர் வீட்டுச் சாப்பாட்டில் இருந்தாள்.

போனேன். வெறும் விரல் சதையால் மீட்டினேன். கிடார் முனகியது. நகம் வளர்த்துக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.

நான் ஊர் திரும்பவில்லை. சென்னையிலேயே ஒரு நாடகக் குழுவில் மேடை ஓரமாக உட்கார்ந்து கிடார் வாசித்தேன். ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டு எல்லோருடைய வசனமும் மனப்பாடம். ஒரு நடிகர் வராத அன்று அவர் வேஷத்தை நான் போட்டேன். அங்கிருந்து சினிமா. கதாநாயகியின் அண்ணன், கான்ஸ்டபிள், ஒரு படத்தில் பிணம். வீடு எடுத்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டேன். கிடாரையும் விடவில்லை, படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கச்சேரி செய்தேன். திரையில் என் வலது கையை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். கான்ஸ்டபிளுக்கு ஏது அவ்வளவு நீள நகம்? கை பாக்கெட்டில் இருக்கும்.

போன வருடம் பனியன் கம்பெனி முதலாளி வேஷம் கிடைத்தது. கதைப்படி அவர் கத்துகிற ஆள். கத்தமாட்டார் என்று இயக்குநரிடம் அடித்துச் சொன்னேன். கண்ணாடி துடைப்பது, தோளில் கை வைப்பது, தேன் ஒழுகும் அந்தப் பேச்சு என்று மாமாவை அப்படியே இறக்கினேன். ஒரு தொழிலாளிப் பெண்ணின் நகத்தை வெட்டும் காட்சியைக் கெஞ்சிக் கேட்டுச் சேர்க்க வைத்தேன். மாமாவின் விரல்களில் நகம் எப்போதும் ஒட்ட வெட்டியிருக்கும். ஆகவே என் நகங்களை நானே வெட்டிக்கொண்டேன். ஒப்புக்கொண்டிருந்த ஒரு கச்சேரியை ரத்து செய்தேன். வருத்தமா? சீட்டியடித்துக்கொண்டே வெட்டினேன்.

படம் வந்தது. திருப்பூர் தியேட்டரில் பெண்கள் என்னை வாய்விட்டுத் திட்டினார்களாம். நல்லூரில் இருக்கும் சித்தி அம்மாவுக்குப் போன் போட்டு, “ஏனுங்கக்கா, நம்ம அண்ணனாட்டமே இருக்குதுங்க!” என்று சிரித்தாள். கம்பெனியில் மாமா கண்ணாடியைக் கழற்றினாலே ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள் என்றாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. இனி மாமா பார்க்க வேண்டும், பார்த்துக் கூனிக்குறுக வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

பார்த்தார். மறுநாள் காலையில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தார்.

“கண்ணு, உங்கப்புச்சிய அப்படியே கொண்டாந்துட்டீங்க சாமி. தோள்ல கை வெச்சாருன்னா எனக்குக் கொல நடுங்கிப் போகுமுங்க. அந்த மனுசன்கிட்ட நான் பட்ட பாடு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அப்புச்சி, அம்மாவின் அப்பா, நான் பிறக்கும் முன்பே இறந்தவர். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துக் காத்ததை, செத்துப்போன ஆள் தலையில் கட்டிவிட்டு இவர் தப்பித்துக்கொள்வதா? எதிரே நின்ற அம்மா, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“அது அப்புச்சி இல்லீங்க மாமா. நீங்க.”



“அதானுங்களா,” என்றார், குரல் உள்ளே போய். “எங்கய்யன், உங்கப்புச்சி, ஒருத்தரையும் வாங்க போங்கன்னு பேசமாட்டாருங்களே, பேச்சு மட்டும் ஏன் மாத்திட்டீங்கன்னு கேக்கத்தானுங்க கூப்பிட்டேன்.”

“மாத்தலீங்க மாமா,” என்றேன், அவரைவிட மரியாதையாக.