லோமிக் அண்ணனின் நரிக்கூடை

லோமிக் அண்ணனை நல்லவர் என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மரச்செருப்பு குடைவதில் அவர் கைக்கு ஈடான கை கிடையாது. அர்ரே மலைக்கு இந்தப் பக்கம் பதினெட்டு வீடு. பதினெட்டிலும் அவர் செய்த செருப்பைப் போடாத கால் இல்லை. என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த ஜோடியை நாலு தடவை ஆணி மாற்றி இருபது வருஷம் போட்டேன். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். டொக், சர், டொக், சர் என்று சந்தில் ஓசை வந்தால் அடுப்பில் இருக்கிற கோதுமைத் தோசையை இன்னொன்று சேர்த்து ஊற்றிவிடுவேன்.

ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் செருப்பால் வந்ததில்லை. நரியால் வந்தது.

எங்கள் வழக்கம் இது: நரியைக் கொன்றவன் அதைக் கோழி வளர்க்கிற வீட்டுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவான். வீட்டுக்காரி ஆறு முட்டை வைப்பாள். கூட ஒரு துண்டு உப்புக்கண்டம், ஒரு கோப்பை ஆப்பிள் கள். மாட்டேன் என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த நரி நேராக நம் கோழிக்கூட்டுக்குத்தான் வரும் என்று எல்லாருக்கும் ஒரு பயம்.

லோமிக் அண்ணன் மே மாதக் கடைசியில் வருவார். தோளில் கூடை. கூடையில் வைக்கோல் மேல் நாலு நரிக்குட்டிகள், சில வருஷம் ஐந்து, தூங்குகிற மாதிரி செத்துக் கிடக்கும்.

"பாத்துக்க தங்கச்சி. இதுங்க வளர்ந்திருந்தா உன் சேவலுக்குப் பொண்டாட்டியே மிஞ்சியிருக்க மாட்டா."

"சேவலைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை? உங்களுக்கே ஒருத்தி கிடைக்கல" என்பாள் பக்கத்து வீட்டு பார்பா.

"நீ புருஷனை விட்டுட்டு வா, இப்பவே கூடையில எடம் பண்றேன்."

சிரிப்போம். முட்டையை எடுத்து வைப்போம். ஐந்து குட்டி என்றால் ஐந்து திருடர்கள் ஒழிந்தார்கள் என்று எங்களுக்குக் கணக்கு. கூடையில் எப்போதும் குட்டிகள்தான் கிடக்கின்றனவே, தாய் எங்கே என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

என் மகள் கத்தெலுக்கு அவர்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று கோயிலுக்கு அவர்தான் தூக்கிப்போனார், இழுக்கிற காலோடு, மழையில். அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை போட்டார். செருப்பு குடைகிறவருக்கு வெள்ளி ஏது என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். சந்தோஷத்தில் யார் கேட்பார்கள்?

நான் சொல்ல வந்த வருஷம் கத்தெலுக்கு இருபத்துநாலு வயது. புருஷன் கப்பலில். அவள் எங்களோடு இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ரத்தம் நிற்காமல் போய், சுவரோடு சுவராக வெளுத்துக் கிடந்து எழுந்தவள். இரண்டாவது மே மாத நடுவில் என்றாள் மருத்துவச்சி. "பிரசவம் ஆன அன்னிலேர்ந்து நாப்பது நாள் கோழிச்சாறு உள்ள போகணும். இந்த உடம்பு வேற எதுலயும் தேறாது" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

முந்தின வசந்தத்தில் அடை வைத்து ஆளாக்கியிருந்த எட்டுக் கோழிகளை அதற்காக ஒதுக்கி வைத்தேன். சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி. இடது காலில் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன், என் வீட்டுக் கோழி என்று தெரிய. பருந்துக்குப் பயந்து குஞ்சிலேயே வேலியோரம் மேய விட்டு வளர்த்தவை. கூட்டைச் சுற்றி முட்செடி வெட்டி அடைத்தேன். நரி தோண்டாமல் இருக்கக் கூட்டுக்கு அடியில் கல்பலகை பதித்தேன். கோயில் மணி அடிக்குமுன்னே கதவைச் சாத்தி ஆப்பு செருகுவேன்.

லோமிக் அண்ணன் வந்து சுற்றிப் பார்த்தார். ஆப்பைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. மிச்சத்துக்கு நான் இருக்கேன். கத்தெல் சாறு குடிக்கற வரைக்கும் உன் கோழிக்கு நான் காவல். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பட்டப்பகலில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தோம். சேவல் ஒரு மாதிரி கத்தியது. நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு பெண் நரி சுவரேறிப் போகிறது, வாயில் என் கோழி. அதற்குப் பாதி வால்தான் இருந்தது. மண்வெட்டியை வீசினேன், படவில்லை. அன்றைக்கு இரண்டு. நாலு நாள் கழித்து, நான் துணி அலசப் போன நேரத்தில் மூன்று. எட்டில் மூன்றுதான் மிச்சம்.

லோமிக் அண்ணனிடம் ஓடினேன். செருப்புக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மலைக்கு அந்தப் பக்கத்து நரியா இருக்கும். பாக்கறேன்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பொறுத்திருக்க எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் உதிர்ந்து கிடந்த இறகுகளைத் தடம் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓடையைத் தாண்டி, மஞ்சள் முட்புதர் வழியாகப் பழைய கல்பலகைக் குவாரிக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே பொந்து.

பொந்துக்கு வேலி கட்டியிருந்தது.

தவறாகச் சொல்லவில்லை. விரல் பருமன் கழிகளை நெருக்கிப் பின்னி, வாயில் தட்டியாக வைத்து, இரண்டு பக்கமும் ஆப்பு அடித்திருந்தது. உள்ளே நாலு குட்டிகள். வெளியே வர முடியாது. தாய் இரையைக் கழிக்கு இடையில் திணித்துவிட்டுப் போகும், இவை இழுத்துத் தின்னும். தட்டிக்கு முன்னால் என் கோழிகளின் கால்கள், சிவப்பு நூலோடு. என் காலடி ஓசையைத் தாய் என்று நினைத்து நாலும் கழிக்கு இடையில் மூக்கை நீட்டின. நல்ல கொழுத்த குட்டிகள்.

அந்த ஆப்பின் நுனியைப் பார்த்தேன். வளைந்த கத்தியால் உருட்டிச் சீவிய நுனி. இருபது வருஷம் என் காலில் கிடந்த செருப்பின் மூக்கும் அப்படித்தான் இருக்கும். வேறு யாரும் அப்படிச் சீவுவதில்லை.

ஐந்து நூலையும் அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு நேராக அவர் பட்டறைக்குப் போனேன். நூலைக் கட்டை மேல் வைத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அதை அவருக்காகச் சொல்லிவிடுகிறேன்.

"உக்காரு தங்கச்சி."

"உக்கார வரல. எத்தனை வருஷமா?"

"மொட்டைவாலியா? ஏழு வருஷம்."

"எங்க கோழியைக் குடுத்து வளத்து, அதையே கூடையில போட்டு எங்ககிட்டயே முட்டை வாங்கினீங்களா?"

"வருஷத்துக்கு அஞ்சு குட்டி எடுத்துடறேனே. நீங்க ஒண்ணாவது எடுப்பீங்களா? தாயைக் கொன்னா வேற ஒண்ணு வரும். அது எங்க குட்டி போடும்னு எவனுக்குத் தெரியும்?"

"என்கிட்ட காவல்னு சொன்னீங்க."

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏழு வருஷமா உன் வீட்டுப் பக்கம் அது வரல. எப்பவும் கிழக்கால பார்பா வீட்டுப் பக்கம்தான் போகும். இந்த வருஷம் ஏன் திரும்புச்சுன்னு எனக்கே புரியல. சத்தியமா."

"இந்த வாரமே தாயைக் கொல்லுங்க. எனக்கு மூணுதான் மிச்சம்."

"கூடை ஒரு சுத்து போய் வந்துடட்டும். அப்புறம் பாக்கலாம்." உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கத்தெல் கழுத்துல இருக்கற சிலுவை எதுல வந்துச்சுன்னு நினைச்சே?"

ஐந்து நூலையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பாதி வழியில்தான் இன்னொன்று உறைத்தது. அந்தத் தட்டியைக் கட்டியிருந்த கயிறு. கறுப்பு, தார் பூசியது. மருமகன் கப்பலிலிருந்து கொண்டுவந்த கயிறு அது. பதினெட்டு வீட்டில் எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு.

என் புருஷன் ஜோப் முற்றத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"லோமிக்குக் கயிறு குடுத்தீங்களா?"

தீட்டுவது நின்றது. "கேட்டான், குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம பக்கம் வராதுன்னு மொத வருஷமே சொன்னான்."

அவ்வளவுதான் சொன்னார். அப்படியானால் ஏழு வருஷமாக இந்த மனுஷருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பார்பா கோழி போச்சு என்று என் வாசலில் வந்து அழுவாள். நான் அவளுக்குக் கள் ஊற்றித் தேற்றுவேன். இவர் அங்கேயே மூலையில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருப்பார். என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

மிஞ்சின மூன்று கோழிகளையும் சமையலறைக்குள்ளே கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் கட்டினேன். நாற்றம் என்று ஜோப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். மே பதினாறில் கத்தெலுக்குப் பெண் பிறந்தாள். ரத்தம் இந்த முறையும் போனது, ஆனால் நின்றது. ஒரு கோழியை நாலு நாளைக்கு இழுத்தேன். எலும்பை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கொதிக்க வைத்தேன். பன்னிரண்டு நாளில் மூன்றும் தீர்ந்தன.

பதின்மூன்றாம் நாள் டொக், சர் என்று சந்தில் ஓசை. கூடை வந்துவிட்டது. பார்பாவும் மற்றப் பெண்களும் கூடிவிட்டார்கள். கூடையில் அந்த நாலும், மூக்கை நீட்டின அதே நாலு.

"பாத்துக்கங்க, எவ்வளவு கொழுப்பு" என்றார், என்னைப் பார்க்காமல். பார்பா ஆறு முட்டையை வைத்தாள். என் முறை வந்தது. நான் ஐந்து சிவப்பு நூலையும் கூடையில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னடி இது, உன் கோழி முட்டைக்குப் பதிலா நூலா போட்டிருக்கு?" என்று பார்பா சிரித்தாள்.

லோமிக் அண்ணன் நூலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பிப் போனார். அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தட்டியில் எங்கள் வீட்டுக் கயிறு இருந்தது. பார்பா முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் கல்சுவர் மேல் கால் கட்டிய ஒரு கோழி இருந்தது. அப்புறம் நாலு நாளைக்கு ஒன்றாக வந்தது. முட்டையைக் கொடுத்துக் கோழி வாங்கியிருப்பார், அவருக்கு ஏது கோழி. முதல் கோழியைத் திருப்பி அனுப்பப் போனேன், இரண்டு அடி வைத்தேன். உள்ளே பிள்ளை பாலுக்கு அழுதது. திரும்பி வந்து வெந்நீர் வைத்தேன். நாற்பது நாளும் கத்தெல் சாறு குடித்தாள். யார் கோழி என்று அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அந்தச் சிலுவையும் அவள் கழுத்தில்தான் இருக்கிறது.

செஸ்ட்நட் கொட்டை உதிரும் இலையுதிர் காலத்தில் அவர் கடைசித் தடவையாக வாசலுக்கு வந்தார். கூடையில்லை. கையில் ஒரு தோல், பெரிய நரியின் தோல், பாதி வாலோடு. வேறு எந்த வீட்டுக்கும் அதைக் கொண்டுபோகவில்லை என்று பிறகு தெரிந்தது. கதவுக்கு வெளியே நின்றார். நானும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

நரியைக் கொன்றவருக்கு ஆறு முட்டை. எண்ணி அவர் தொப்பியில் வைத்தேன். அடுப்பில் தோசை இருந்தது. அதைக் கொடுக்கவில்லை.

"வரேன் தங்கச்சி" என்றார்.

"சரி, லோமிக்" என்றேன். அண்ணே என்று நாக்கில் வரவில்லை. அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார், ஒருநாளும் வரவில்லை. அவரைக் கூப்பிடச் சொல்லி ஜோப் என்னைக் கேட்டுப் பார்த்தார், கத்தெல் கெஞ்சிப் பார்த்தாள். அவர் அடக்கத்துக்குப் போனேன், ஜெபம் சொன்னேன், அழவில்லை.

இப்போது அவரும் இல்லை, ஜோப்பும் இல்லை, பார்பாவும் இல்லை. பார்பாவின் மருமகள் அதே கிழக்கு வீட்டில்தான் கோழி வளர்க்கிறாள். இதைக் கேட்டால் கேட்கட்டும். அந்த ஏழு வருஷமும் பார்பா கோழிகள் போன வழி இது. கட்டின கயிறு எங்கள் வீட்டுக் கயிறு.