அக்காவுக்கென்று ஒரு மணி நேரம்

தொலைக்காட்சிப் பெட்டி வீட்டைவிட்டு வெளியேறிய ஞாயிற்றுக்கிழமை, அக்கா குளித்துக்கொண்டிருந்தார். தலையைத் துவட்டியபடி கூடத்துக்கு வந்தபோது, பெட்டி மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது.

"டிவி எங்கடா?"

"வாட்ச்மேனுக்குக் குடுத்தாச்சுக்கா," என்றார் தம்பி. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருப்பவர். எதையும் செய்து முடித்த பிறகே அறிவிப்பவர். "ஆபீஸ்ல ஒருத்தர் வந்து பேசினார். நம்ம ஆயுசுல பாதியை அந்தப் பெட்டி முழுங்கிடுதாம். இனிமே ஆளாளுக்கு உருப்படியா ஏதாவது செய்யப்போறோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? வேலையிலிருந்து வந்ததும் அது முன்னாடி சிலை மாதிரி உக்காந்துடுறே. முக்கியமா உனக்காகத்தான் இந்த முடிவே."

தம்பியின் மனைவியும் மகளும் சிரித்தனர். அக்காவும் ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.

அக்கா மணமாகாதவர். பெற்றோர் காலமான பின், தம்பியின் வீட்டில் சமையலறையை ஒட்டிய சிற்றறையில் இருந்துவந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்கட்டில், வில்லைகளைச் சட்டத்துக்குள் பொருந்தும் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவருடைய வேலை. சுழலும் சாணைக்கல்லில் வில்லையின் விளிம்பைப் பதியவைத்துக் கண்ணை எடுக்காமல் இருக்கவேண்டும். மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும் வில்லை சட்டத்தில் நிற்காது. ஆகவே அக்கடையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: கல் சுழலும்போது அதன்முன் இருப்பவரை எவரும் கூப்பிடக்கூடாது. முதலாளியே ஆனாலும் எதிரில் வந்து நின்று, அவர் கையை எடுக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

வீட்டில் அந்த மரியாதை தொலைக்காட்சியின் முன் மட்டுமே கிடைக்கும் என்பதை அக்கா என்றைக்கோ கண்டுகொண்டிருந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தால், "அத்தை சீரியல் பாக்குறாங்க, அப்புறம் கேட்டுக்கலாம்" என்று தம்பி மகள் பாதி வழியில் திரும்பிவிடுவாள். உண்மையில், அந்தத் தொடரில் யாருக்கு யார் மாமியார் என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. கண்களைத் திரையில் விட்டுவிட்டு, மனத்தை அவிழ்த்துவிட்டு அமர்ந்திருப்பார். நாள் முழுவதிலும் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம். தொடர் பார்ப்பதாக எல்லாரும் நம்பியதால்தான் அது பிழைத்துக் கிடந்தது.

மறுநாள் மாலை, பழக்கம் விடாமல் அதே நாற்காலியில் அமர்ந்தார். தம்பியின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதாம்மா."

"அப்போ இந்தத் துணியை மட்டும் மடிச்சிடுங்களேன். எனக்கு டிராயிங் கிளாஸுக்கு நேரமாச்சு."

அங்கே தொடங்கியது. தம்பியின் மனைவி ஓவியம் கற்கப் போனதால், இரவுச் சமையல் அக்காவின் கைக்கு வந்தது. தம்பி மெதுவோட்டம் ஓடப் போனார். அவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போடும் பொறுப்பு தானாகவே இடம் மாறிக்கொண்டது. மகள் இறகுப்பந்து ஆடிவிட்டு வந்து மூலைக்கொன்றாக எறியும் காலுறைகளுக்கும் அத்தையே கதி. ஆளாளுக்குக் கிடைத்த நேரம் எவருடைய கணக்கிலிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், தாம் சாதித்ததை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும் என்பது தம்பி கொண்டுவந்த வழக்கம். அவருக்குத் தொப்பை குறைந்திருந்தது. அவருடைய மனைவி வரைந்த பூச்சாடி, சுவரின் வெளுப்பை மறைத்துக்கொண்டு கூடத்தில் தொங்கியது. மகள் பள்ளி அணியில் சேர்ந்திருந்தாள்.

"அத்தை, நீங்க என்ன செஞ்சீங்க?"

அக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் செய்யலியே."

"பாத்தியா," என்றார் தம்பி, மிகுந்த பரிவோடு. "இவ்வளவு நேரம் கிடைச்சும் வீணாப் போகுது. பூத்தையல் கீத்தையல்னு ஏதாவது கத்துக்கக் கூடாதா?"

"எனக்கு டிவி வேணும்."

"என்னக்கா, சின்னப்பிள்ளை மாதிரி!"

"சின்னப்பிள்ளைன்னா கேட்டதும் வாங்கிக் குடுத்திருப்பே. நானே வாங்கிக்கிறேன். என் ரூம்ல வச்சுக்கிறேன்."

"அண்ணிக்கு அந்தச் சீரியல் பைத்தியம் இன்னும் தெளியலை," என்றார் தம்பியின் மனைவி.

அக்கா மறுக்கவில்லை. சும்மா உட்கார ஆசைப்படுகிறேன் என்று சொல்வதைவிட, பைத்தியம் என்று பெயர் வாங்குவது எளிதாக இருந்தது. அந்த வீட்டில் பைத்தியத்துக்கு மன்னிப்பு உண்டு, ஓய்வுக்கு இல்லை.

சிறிய பெட்டி ஒன்று வந்து, கட்டிலுக்கு எதிரே அலமாரியின்மேல் அமர்ந்தது. முதல் மாலை, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ யாரையோ அறைந்த காட்சியின் முன் காலை நீட்டினார். "அண்ணி!" என்று தொடங்கிய குரல், பெட்டியின் சத்தம் கேட்டுப் பாதியில் நின்றுபோனது. அப்படி ஓர் இனிமையான மௌனத்தை அவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. முதலில் மகள் வந்தாள். "அத்தை, ஃபைனல் ஓடுது. ஒரே ஒரு கேம் பாத்துட்டு ஓடிடுறேன்" என்று கட்டிலில் ஏறிக்கொண்டவள் பரிசளிப்பு முடியும்வரை இறங்கவில்லை. பிறகு, ஓவிய வகுப்பு மழையால் நின்ற ஒரு நாளில் தம்பியின் மனைவி வந்தார். மழை விட்ட பின்னரும் வந்தார். ஓடி ஓடி முழங்கால் வீங்கிய தம்பி, கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"உள்ள வாயேண்டா."

"நான் பாக்கலைக்கா. சும்மா நிக்கிறேன்."

மறுநாள் நிற்பதற்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா வேலையிலிருந்து திரும்பியபோது, அவருடைய அறைக் கதவு திறந்திருந்தது. மூவரும் உள்ளே இருந்தனர். அவருடைய தலையணை தம்பியின் முழங்காலுக்கு அடியில் இருந்தது.

"வாக்கா, நல்ல நேரத்துல வந்தே! ஏய், தள்ளி உக்காருடி, அத்தைக்கு இடம் விடு."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சற்றே நகர்ந்தாள். கைப்பை வைக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. எல்லாரும் எழுந்து போங்கள் என்ற சொல் அக்காவின் நுனிநாக்குவரை வந்தது. பெட்டி அவருடையது, கட்டிலும் அவருடையது, சுவர்கள் தம்பியுடையவை. கைப்பையை அந்த இடத்தில் வைத்தார்.

"பாருங்க, பாருங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

"அப்படின்னா ஆளுக்கு ஒரு டீ போடேன். விளம்பரம் வந்ததும் நானே வந்து எடுத்துக்கிறேன்."

அக்கா தண்ணீரைக் கொதிக்கவிட்டார். விளம்பரம் வந்தது, எவரும் வரவில்லை. குவளைகளைத் தாமே ஏந்திச் சென்று, திரையை மறைக்காதபடி குனிந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். தமக்கென்று எடுத்துவைத்ததைச் சமையலறையில் நின்றபடியே குடித்தார். அது ஆறிப்போயிருந்தது.