அழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்த பலகை

போன சனிக்கிழமை பழைய மெத்தை ஒன்றை எறிவதற்காக மகளுடன் நகரசபையின் கழிவு சேர்க்கும் இடத்துக்குப் போனேன். மரச்சாமான் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை சாய்ந்து நின்றது. என் கை சும்மா இருக்குமா? உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஓர் இழுவை. வெண்கட்டித் தூள் மூக்கில் ஏறியது. இதையும் வீட்டுக்கு ஏற்றப் போகிறீர்களா என்று மகள் காருக்குள் இருந்தபடி டேனிஷில் கேட்டாள். நானோ எண்பத்தைந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நானும் தேவனும் ஓர் அறையில் இருந்தோம். தேவன் இங்கே வருவதற்கு முன் பாரிஸில் ஓர் உணவகத்தில் இரண்டு வருடம் கோப்பை கழுவியவன். அந்தக் குசினியின் சமையற்காரன் பிரான்சின் மேற்குக் கரைக்காரன். பிரெத்தோன் என்று அந்தப் பக்கத்து மொழி ஒன்று பேசுவான். வெல்ஷ், ஐரிஷ் மொழிகளுக்கு உறவான கெல்டிக் மொழி அது. எல்லாரும் கோப்பை கழுவிக் கை வெந்து வருவார்கள். இவன் இரண்டு மொழியோடு வந்தான். ஊரில் பாதியில் விட்ட பட்டப்படிப்பும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் கெல்டிக்கும் படிக்கச் சேர்த்துக்கொண்டார்கள்.

நானும் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் போனேன். அவனுக்கு மூன்று மணித்தியாலம் முன்னாலேயே போய்விடுவேன், கையில் வாளியோடு. ஊரில் சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறிப்போனவன் நான். மாலையில் இருவர் சட்டையிலும் வெண்கட்டித் தூள் இருக்கும். அவனுக்கு எழுதிப் பட்டது, எனக்குத் துடைத்துப் பட்டது. அவன் வெங்காயம் வதக்கிக்கொண்டே பிரெத்தோன் வினைச்சொற்களை முணுமுணுப்பான். எனக்கு வயிறு எரியும். வெங்காயத்தில் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

ஒரேயொரு இடத்தில் எனக்கு அவனைவிடக் கை ஓங்கியிருந்தது. அவனுக்குப் படிப்பு பிரெஞ்சில் நடந்ததால் டேனிஷ் தட்டுத்தடுமாறும். நான் பஸ் தரிப்பிலும் வேலைத்தலத்திலும் ஆட்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே டேனிஷ் பிடித்தவன். சாப்பிட்டு முடிந்ததும் பத்திரிகையை என் பக்கம் தள்ளுவான்.

"வாசியடா, இண்டைக்கு என்ன புழுகுறாங்கள்?"

நான் வாசித்து விளக்க, அவன் கன்னத்தில் கையூன்றிக் கேட்பான். நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான்.

ஒரு மாலை அவன் சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் என்னோடு துப்புரவு வேலை செய்த டேனிஷ் மனுசி சொன்னதை அவனுக்குச் சொன்னேன். "இவையின்ர அறுபது எண்டால் உண்மையில மூண்டு தரம் இருபது மச்சான். எண்பது நாலு தரம் இருபது. அந்த மனுசி விரலும் மடிச்சுக் காட்டினவ."

தேவனின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "டேய், பிரெஞ்சுக்காரனும் எண்பதுக்கு நாலு இருபது எண்டுதான் சொல்லுறவன். பிரெத்தோனில அறுபதும் மூண்டு இருபதுதான்!"

இரண்டு பேரும் சிரித்தோம். பருப்பு அடிப்பிடித்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலை, கெல்டிக் வகுப்பறைக்குள் வாளியோடு நுழைந்தேன். கரும்பலகை முழுக்கத் தேவனின் கையெழுத்து. டேனிஷ், பிரெஞ்சு, பிரெத்தோன் என்று மூன்று நிரல். மூன்று இருபது, நான்கு இருபது. அன்று அவன் வகுப்பில் பேசவிருந்தான். அடியில் அவனுடைய பெயர் மட்டும். பக்கத்தில் பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் டேனிஷில், 'அழிக்க வேண்டாம்.'

இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பஞ்சை நனைத்தேன். மேல் இடது மூலையில் தொடங்கி, ரப்பர்க் கட்டையால் நீரை வழித்து, ஒரு கோடும் தெரியாமல். அந்தப் பலகையை அவ்வளவு சுத்தமாக நான் ஒருநாளும் துடைத்ததில்லை.

எட்டு மணிக்கு ஆசிரியை பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். முகம் சிவந்திருந்தது. மேற்பார்வையாளரிடம் ஒரு சொல் போனால் என் வேலை போய்விடும். அதற்குள் தேவன் வந்துவிட்டான். அறைக்குள் பார்த்தான், வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு தன் உடைந்த டேனிஷில் ஆசிரியையிடம் சொன்னான்:

"இவருக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியாது."

ஆசிரியையின் முகம் இளகியது. என் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், ஒவ்வொரு சொல்லாக, கையால் காற்றில் பலகை வரைந்து, துடைப்பதுபோல் காட்டி, கூடாது என்று விரலை ஆட்டினார். முதல்நாள் மாலைதான் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கம் முழுவதையும் தேவனுக்கு வாசித்துக் காட்டிய நான், விளங்காதவன்போல் தலையாட்டினேன்.

அன்று இரவும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். "எல்லாம் மனப்பாடம் மச்சான். திரும்ப எழுதிப்போட்டன்" என்றான், அவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்தான்.

பத்திரிகையை நானே எடுத்தேன். "வாசிக்கட்டே?"

"வேண்டாம். களைப்பாக் கிடக்கு."

மறுநாளும் களைப்பு. அதற்கு அடுத்த கிழமை டேனிஷ் அகராதி ஒன்று வாங்கி வந்தான்.

தேவன் படிப்பு முடிந்து பிரான்சின் அந்த மேற்குக் கரைக்கே போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். வருடப் பிறப்புக்குக் கதைப்போம்; மழையைப் பற்றி, முழங்கால் நோவைப் பற்றி. என் மகள் அதே கட்டிடத்தில்தான் படித்தாள். அங்கே இப்போது கரும்பலகை இல்லை, வாளியைத் தள்ளிக்கொண்டு போக நானும் இல்லை. இரவில் சாப்பாடு முடிந்ததும் பத்திரிகை இன்னும் என் மேசையில் கிடக்கும். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவரும் அதை என்னிடம் தள்ளுவதில்லை.